மூடி, மூக்கு, கைப்பிடி, சல்லடை: தொக்கோனாமே தேநீர்க் கெண்டிகள்

கியூசு என்கிற ஜப்பானியத் தேநீர்க் கெண்டி உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு குட்டி மூக்கு, பக்கவாட்டில் குழல் போல ஒரு கைப்பிடி, மேலே ஒரு மூடி. கடை அலமாரியில் நம் கண்ணில் முதலில் படுவது நிறமும் வடிவமும். அதைச் செய்கிறவர்களோ கையில் எடுத்ததும் மூடியைத்தான் அசைத்துப் பார்ப்பார்கள். அடுத்து உள்ளே எட்டிப் பார்த்துச் சல்லடையைக் கவனிப்பார்கள். பிறகு தண்ணீர் நிரப்பிச் சாய்ப்பார்கள். அழகைப் பற்றிய பேச்சு இதெல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.

வேலை நிமித்தமாக நகோயாவில் குடியேறியவன் நான். அங்கிருந்து மெய்தெட்சு ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் தொக்கோனாமே வந்துவிடும். முதலில் ஊர் சுற்றத்தான் போனேன். அப்புறம் கெண்டி பார்க்க, பட்டறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, கேள்வி கேட்க என்று போக ஆரம்பித்து, இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே பார்த்ததும், வீட்டில் தினமும் புழங்கித் தெரிந்துகொண்டதும் இந்தக் கெண்டிகளை வாங்க நினைக்கிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

தொக்கோனாமே, ஐச்சி மாகாணத்தில் சீட்டா தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஜப்பானின் பழமையான ஆறு சூளை ஊர்களில் இதுவும் ஒன்று. 12-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே மண் சுடுகிறார்கள். முதலில் பெரிய பெரிய ஜாடிகள். கடல் பக்கத்திலேயே இருந்ததால் கப்பலில் ஏற்றித் தூர ஊர்களுக்கு அனுப்ப முடிந்தது. மெய்ஜி காலத்தில் (1868–1912) வடிகால் குழாய்கள், அதன் பிறகு ஓடுகளும் செங்கற்களும். பழைய குழாய்களையும் சாராய ஜாடிகளையும் இருபக்கச் சுவரிலும் பதித்த தொகான்சாக்கா என்ற சரிவுப் பாதை இன்றும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் தள்ளி 1887-இல் கட்டிய படிச்சூளை. மலைச்சரிவில் ஏறிப்போகும் எட்டு அறைகள், உச்சியில் உயரம் மாறி மாறி நிற்கும் பத்துப் புகைபோக்கிகள். 1974 வரை அதில் சுட்டிருக்கிறார்கள். அந்த வழியாக நடக்க ஒரு மணி நேரம் போதும் என்று வழிகாட்டிப் பலகை சொல்லும். வழியில் கடைகளும் பட்டறைகளும் இருப்பதால் எனக்கு ஒரு நாளும் ஒரு மணி நேரம் போதியதில்லை.

இத்தனை நூற்றாண்டுக் கதையில் தேநீர்க் கெண்டி பின்னால் வந்து சேர்ந்ததுதான். 1738-இல் நாகதானி சோயென் என்பவர் கியோட்டோவுக்குத் தெற்கே உள்ள உஜி என்ற ஊரின் பக்கத்தில் தேயிலையை ஆவியில் வேகவைத்து, உருட்டி, உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிற சென்சா பழக்கம் அதன் பிறகு பரவியது. பொடியைக் கலக்கிக் குடிக்கும் மச்சாவுக்குக் கிண்ணம் இருந்தால் போதும். இலையை ஊறவைத்து வடிக்க வேண்டுமானால் கெண்டி வேண்டும். அந்தக் காலத்துப் படித்தவர்கள் சீனத்தின் யீஷிங் ஊரில் செய்த செம்மண் கெண்டிகளை ஆசையோடு தேடி வாங்கினார்கள். அவற்றைப் பார்த்து 1854-இல் சுகியே ஜுமோன் என்ற தொக்கோனாமே குயவர் தன் ஊரிலேயே சிவப்புக் கெண்டி சுட்டெடுத்தார். அந்தச் செம்மண்ணுக்கு ஷூதெய் என்று பெயர். 1878-இல் ஜின் ஷிஹெங் என்ற சீன அறிஞரை வரவழைத்து, யீஷிங் முறையை அவரிடம் நேரில் கற்றார்கள். அங்கே மண்ணைத் தட்டித் தகடாக்கி வளைத்து ஒட்டுவது வழக்கம். தொக்கோனாமேக்காரர்களுக்கோ சக்கரம் கைவசம். இன்று அந்த ஊரில் கையால் செய்யும் கெண்டிகளில் நீங்கள் அதிகம் பார்ப்பது சக்கரத்தில் வனைந்தவற்றைத்தான். இந்த வேலைக்காகவே மூன்றாம் யாமதா ஜோசான் 1998-இல் வாழும் தேசியப் பொக்கிஷம் என்ற அரசின் பெருமையைப் பெற்றார். ஜாடியும் கிண்ணமும் செய்கிறவர்களுக்குக் கிடைத்து வந்த மதிப்பு, அடுக்களையில் புழங்கும் ஒரு சின்னக் கெண்டிக்கும் கிடைத்தது என்பதில் எனக்கே ஒரு சந்தோஷம்.

நான் அதிகம் போய் உட்கார்ந்தது ஒரு வயதான குயவரின் பட்டறையில். என் அரைகுறை ஜப்பானிய மொழியைப் பொறுத்துக்கொண்டு, வேலையை நிறுத்தாமலேயே பதில் சொல்வார். அங்கே போன பிறகுதான், ஒரு கெண்டி என்பது தனித்தனியாகச் செய்து ஒன்றுசேர்த்த ஐந்து பொருள்கள் என்பது எனக்குப் புரிந்தது: வயிறு, மூடி, மூக்கு, கைப்பிடி, சல்லடை. இதில் வயிறும் மூடியும் மூக்கும் கைப்பிடியும் சக்கரத்தில் வனைபவை. ஆமாம், அந்தக் கைப்பிடியும்தான். உள்ளே கூடாக இருப்பதால் சூடு ஏறாது, கனமும் இராது.

சல்லடை வேலையைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். மெல்லிய மண் வில்லையை உருண்டையான ஓர் அச்சின் மேல் அழுத்திக் குமிழ் போலாக்குகிறார். பாதி காய்ந்த பதம் வரும்வரை விட்டுவிட்டு, மெல்லிய குழல் ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்துகிறார். ஈரம் அதிகமாக இருந்தால் குத்திய துளை மூடிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் இரண்டு துளைக்கு நடுவே விரிசல் ஓடும். துளைகளை நெருக்கமாகப் போட்டால்தான் இலை அடைத்துக்கொள்ளாமல் நீர் இறங்கும். அளவு மீறி நெருக்கினால் சல்லடையே உடையும். குத்தி முடித்ததும் பின்பக்கம் துருத்தி நிற்கிற மண் துணுக்குகளை ஒவ்வொன்றாக வழித்து எடுக்கிறார். கடையில் கெண்டியைத் திறந்து பார்க்கிற யாரும் இந்தப் பின்பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை. அது மூக்குக்குள் மறைந்துவிடும். ஆனால் துணுக்கு நின்றுவிட்டால் இலைத்தூள் அதில் மாட்டிக்கொண்டு, நாளடைவில் நீர் மெதுவாக வர ஆரம்பிக்கும்.

வயிற்றின் சுவரில் ஓட்டை வெட்டி, சல்லடையை உள்பக்கம் மண் குழம்பால் ஒட்டி, அதை மூடுவது போல வெளியே மூக்கைப் பொருத்துகிறார். மூக்கில் ஒரு நுட்பம் உண்டு. சக்கரம் சுழலும்போது மண்ணுக்குள் ஒரு முறுக்கு ஏறியிருக்கும். காயும்போதும் சூளையிலும் அந்த முறுக்கு கொஞ்சம் பிரியும். அதனால் மூக்கின் நுனியை நேராக வெட்டினால் சுட்டு எடுத்ததும் கோணலாக நிற்கும். எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே கணித்து, வேண்டுமென்றே சாய்த்து வெட்டுகிறார். அளவுகோல் எதுவும் வைக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். “இந்த மண்ணும் என் கையும் பழக்கம்” என்றார்.

கைப்பிடி மூக்குக்குச் செங்கோணத்தில் நிற்பது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் மூக்குப் பக்கமாகச் சற்று நெருங்கியிருக்கும். கையில் பிடித்துச் சாய்க்கும்போது முழங்கையைத் தூக்காமல், மணிக்கட்டு மட்டும் திரும்பினால் போதும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எடை சரியாக அமைந்த கெண்டியைச் செங்குத்தாகக் கைப்பிடி மேலேயே நிற்க வைத்துவிடலாம். அவர் அப்படி நிறுத்திக் காட்டியபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் சாதாரணமாக அடுத்த கெண்டியை எடுத்துக்கொண்டார்.

அடுத்தது மூடி. வனையும்போதே வாயின் அகலத்தை அளந்துதான் மூடியைச் செய்கிறார்கள். ஆனால் மண் காய்ந்து சுடும்போது பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. அதனால் மூடியைக் கெண்டியின் மேலேயே வைத்துச் சூளைக்கு அனுப்புகிறார்கள். இரண்டும் சேர்ந்து சுருங்கினால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். சுட்ட பிறகும் வேலை முடியவில்லை. மூடிக்கும் வாய்க்கும் நடுவே உராய்வுத் தூளையும் தண்ணீரையும் வைத்து, மூடியைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறார்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் குறையக் குறைய மூடி இறங்கி உட்காரும். இப்படித் தேய்த்த மூடி அந்த ஒரு கெண்டிக்குத்தான் பொருந்தும். மூடியை உடைத்துவிட்டால் இன்னொன்றை வாங்கி மாட்ட முடியாது என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து நிறைந்த மண், காற்று தாராளமாகப் போகும் சூளையில் சுமார் 1,100 டிகிரியில் வெந்தால் சிவப்பாகிறது. அதே மண்ணைக் காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் கறுப்பு. பூச்சு எதுவும் இல்லாமலேயே நீர் கசிவதில்லை. இரும்பு கலந்த இந்த மண் அந்தச் சூட்டிலேயே இறுகிவிடுகிறது. கடற்பாசியைச் சுற்றிச் சுடும் ஒரு வகையும் உண்டு. பாசி எரிந்துபோய், அதன் உப்பு மண்ணின் மேல் பழுப்புக் கோடுகளாகப் பதிந்து நிற்கும். எனக்குப் பிடித்தது அதுதான். தொக்கோனாமேக்கு எதிரே, விரிகுடாவின் மறுகரையில் உள்ள யொக்காயிச்சியில் பாங்கோ என்ற வகை செய்கிறார்கள். அந்த மண் சுட்டால் ஊதா கலந்த பழுப்பு நிறம் பெறும். இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் மண்ணில்தான் தேநீர் ருசிக்கும் என்பார்கள். ஒரே இலையைப் பூச்சிட்ட பீங்கானிலும் இந்தச் செம்மண்ணிலும் போட்டுக் குடித்ததில், செம்மண்ணில் துவர்ப்பு கொஞ்சம் மழுங்கியது போலத்தான் எனக்கும் பட்டது. ஆனால் நீரின் சூட்டையும் ஊறும் நேரத்தையும் மாற்றினால் வருகிற வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரிது. மண்ணின் ருசிக்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள். மூடிக்கும் சல்லடைக்கும் கொடுங்கள்.

கடையில் என்ன செய்ய வேண்டும்? மூடியை மூடி மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது, இறுகிக்கொள்ளவும் கூடாது. கையால் செய்ததை விற்கிற நல்ல கடைகளில் கேட்டால் தண்ணீர் தருவார்கள், தயங்காமல் கேளுங்கள். முக்கால் பாகம் நிரப்பி ஊற்றும்போது, மூடியில் இருக்கும் சின்ன ஓட்டையை விரலால் அடைத்தால் மூக்கில் வரும் நீர் நிற்க வேண்டும். காற்று வேறு வழியாகப் போகவில்லை, மூடி நன்றாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அடுத்து, ஊற்றிவிட்டுச் சட்டென்று நிமிர்த்துங்கள். நீர் வெட்டியது போல நிற்க வேண்டும். மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து வயிற்றை நனைத்தால் தினமும் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிறகு உள்ளே பாருங்கள். மூக்கு ஒட்டிய இடத்தில் சுவரிலேயே நேரடியாக நாலைந்து பெரிய ஓட்டைகள் மட்டும் இருந்தால், பெரிய இலைக்கும் வறுத்த ஹோஜிச்சாவுக்கும் அது போதும். அதிக நேரம் ஆவியில் வெந்த ஃபுகாமுஷி வகைத் தேயிலை தூளாக உடைந்திருக்கும். அதற்கு நெருக்கமான துளைகள் கொண்ட குமிழ்ச் சல்லடையோ, எஃகு வலை வைத்த கெண்டியோ வேண்டும். வலை வைத்ததை மட்டமாக நினைக்க வேண்டாம். தினமும் தூள் இலை குடிக்கிற வீட்டுக்கு அதுதான் வசதி. நான் மண் சல்லடை வைத்ததையே வாங்குகிறேன். வலை சில வருடங்களில் நைந்து போகும், மண் சல்லடை கெண்டி உள்ளவரை இருக்கும் என்பது ஒரு காரணம். அந்தத் துளைகள் குத்தப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டது இன்னொரு காரணம்.

உள்சுவரில் விரல் வைத்தால், சக்கரத்தில் வனைந்ததற்கு மெல்லிய சுழல் வரிகள் தட்டுப்படும். அச்சில் ஊற்றிச் செய்ததில் அது இராது. கைப்பிடியிலோ மூக்கிலோ அச்சின் மூட்டுக்கோடு தெரியலாம். செய்தவரின் முத்திரை பெரும்பாலும் கைப்பிடி ஒட்டிய இடத்திலோ அடியிலோ சிறியதாகக் குத்தப்பட்டிருக்கும். கையால் செய்தது சில ஆயிரம் யென்னில் தொடங்குகிறது. பெயர் பெற்றவர்கள் செய்தது அதைவிடப் பல மடங்கு போகும். தினமும் புழங்க நடுத்தர விலையில் இருப்பதே போதும். அளவைப் பொறுத்தவரை சிறியதையே எடுங்கள். இரண்டு பேருக்கு 200 மில்லிலிட்டர் தாராளம். பெரிய கெண்டியில் கொஞ்சம் நீர் ஊற்றினால் இலை சரியாக ஊறாது, சூடும் சீக்கிரம் போய்விடும்.

வாங்கி வந்ததும் மூக்கின் நுனியைப் பாருங்கள். நிறமில்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கும். வழியில் நுனி உடையாமல் இருப்பதற்கான காப்பு அது. பலர் அதைக் கெண்டியின் ஒரு பகுதி என்றே நினைத்து வருடக்கணக்கில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கழற்றி எறிந்துவிடுங்கள். அது இருந்தால் நீர் சீராக அறுபடாது, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இனி தேநீர் போடுவது. சென்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி, நிழலில் வளர்த்த கியோகுரோ என்ற உயர்ரகத் தேயிலைக்கு 50 முதல் 60. வெப்பமானி எதுவும் தேவையில்லை. கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சுமார் 10 டிகிரி இறங்கும். முதலில் கெண்டியில் ஊற்றி அதைச் சூடாக்கி, அங்கிருந்து கோப்பைகளுக்கு மாற்றினால் கெண்டியும் வெதுவெதுப்பாகும், நீரும் ஏறக்குறைய 80-க்கு வந்துவிடும், எவ்வளவு நீர் வேண்டும் என்ற அளவும் கிடைத்துவிடும். பிறகு இரண்டு பேருக்கு 5, 6 கிராம் இலை போட்டு, கோப்பை நீரைத் திரும்ப ஊற்றி, ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். குலுக்கக் கூடாது. குலுக்கினால் துவர்ப்பு இறங்கும், தூளும் சல்லடையில் போய் அடையும்.

கட்டைவிரலால் மூடியை லேசாக அழுத்திக்கொண்டு, கோப்பைகளுக்கு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் எல்லோருக்கும் ஒரே திடத்தில் கிடைக்கும். கடைசிச் சொட்டு வரை இறக்கிவிட வேண்டும். கடைசியில் வருவதுதான் திடமானது. அதோடு உள்ளே நீர் தங்கினால் இலை ஊறிக்கொண்டே இருந்து இரண்டாம் தடவைக்குக் கசந்துவிடும். ஊற்றி முடித்ததும் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இரண்டாம் தடவைக்கு இன்னும் சூடான நீர், சில விநாடிகள் போதும்.

கழுவும்போது சோப்பு வேண்டாம். பூச்சில்லாத மண் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். இலையைக் கொட்டிவிட்டு வெந்நீரால் அலசி, மூடியைத் தனியே வைத்துக் காயவிட்டால் போதும். சல்லடையில் ஒட்டிய தூளை விரலால் தேய்த்து உள்ளே தள்ளாதீர்கள். மூக்கின் வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பிடிவாதமாக நிற்பதை ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய தூரிகையால் தட்டினால் உதிரும். நம் வீட்டுப் பால் டீயை இதில் போடவே கூடாது. அடுப்பில் வைக்கவும் கூடாது, இது நெருப்புக்கான மண் இல்லை. வாசனை கூடிய ஹோஜிச்சா, மல்லிகைத் தேநீர் மாதிரியானவை பிடிக்குமென்றால் அவற்றுக்கு ஒரு பீங்கான் கெண்டி வைத்துக்கொள்ளுங்கள். நாள் போகப் போக, தினமும் புழங்குகிற செம்மண் வழவழப்பாகி ஒரு மினுமினுப்பு ஏறும். அதைத் தேய்த்துப் போக்க வேண்டாம்.

ஜப்பானில் 1985-இல் டப்பாவிலும் 1990-இல் பிளாஸ்டிக் பாட்டிலிலும் பச்சைத் தேநீர் விற்பனைக்கு வந்துவிட்டது. என்னோடு வேலை செய்கிற இளைஞர்களில் பலர் வீட்டில் கெண்டியே கிடையாது. தேநீர் என்றால் அவர்களுக்குக் குளிர்ந்த பாட்டில்தான். நான் போகும் பட்டறையிலும் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைவு. இருப்பவர்களில் சிலர் வெளிநாட்டவர். கெண்டி செய்ய ஒருவர் பழக வேண்டுமானால் வனைதல், துளையிடுதல், ஒட்டுதல், சுடுதல், தேய்த்தல் எல்லாவற்றிலும் கை படிய வேண்டும். கிண்ணம் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. அதனால் தொக்கோனாமே போனால், முடிந்தவரை செய்கிறவரிடமே வாங்குங்கள். வார நாட்களில் போனால் பேச நேரம் கிடைக்கும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட்டால் கைப்பிடியை மறுபக்கம் வைத்துச் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். வனைந்து, காயவைத்து, சூளை நிறையும்வரை காத்திருந்து சுட வேண்டும் என்பதால் அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அஞ்சலில் அனுப்பும்போது மூடியைத் தனியாகச் சுற்றி வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.